கதை பீரியட்: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

பூண்டு ஊன்றும் சமயம். ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. வந்தவர்களுக்குப் பாடம் நடத்தினால் வராதவர்களுக்கு மறுபடி நடத்த வேண்டும். சரி, இந்த மாதம் முடியும்வரை தமிழ் பீரியடில் கொஞ்சத்தைக் கதை எழுதக் கற்றுக்கொடுக்க ஒதுக்கலாம் என்று முடிவு செய்தேன். பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஊரை வைத்துக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

முதலில் எதுவும் சொல்லிக்கொடுக்காமல், "ஒரு கதை எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன். ராஜா வந்தார், நரி வந்தது, ஏழை விவசாயி வந்தார். மன்னவனூர்ப் பையன் ஒட்டகத்தைப் பாலைவனத்தில் நடக்கவிட்டிருந்தான். அவன் வீட்டு வாசலில் நின்றால் ஆட்டுப்பண்ணையின் செம்மறிகள் தெரியும். அதில் ஒரு ஆடுகூடக் கதைக்குள் வரவில்லை. எல்லாக் கதையின் அடியிலும் கோடு போட்டு, "நீதி:" என்று ஒரு வரி.

குறை பிள்ளைகளிடம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு கேள்வி உண்டு. மரம் வெட்டும் படம் கொடுத்தால், மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதைத் திருத்திப் போடுவதும் என்னைப் போன்றவர்கள்தான்! அதனால் இன்றைக்கு ஒரே விதி சொன்னேன். கதை பீரியடில் யாரும் நீதி எழுதக் கூடாது. எழுதினால் அந்த வரியை அடிப்பேன். கிளாவரைக்காரன் கேட்டான்: "அப்ப கதை முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" நல்ல கேள்வி. பதிலை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன்.

நவம்பர் 5, புதன்

கரும்பலகையில் இரண்டு கேள்வி எழுதினேன். யாருக்கு என்ன வேண்டும்? எது தடுக்கிறது?

பூம்பாறைப் பையன் உடனே எழுந்தான். ஒரு பையனுக்கு வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் பூண்டு லாரியில், மூட்டை மேல் உட்கார்ந்து மலை இறங்க வேண்டும். இது எனக்குப் பிடித்தது. படிக்கிறவனுக்கும் உடனே கண்ணில் தெரியும். தடை என்ன என்று கேட்டேன். மழை என்றான் ஒருவன், மண்சரிவு என்றான் இன்னொருவன், பரீட்சை என்றாள் ஒருத்தி. கடைசியில் கவுஞ்சிக்காரி மெதுவாகச் சொன்னாள், "அவங்க தாத்தா விட மாட்டேங்குறாரு."

அதைப் பிடித்துக்கொண்டேன். மழையோடு பேச முடியாது. தாத்தாவோடு பேசலாம், சண்டை போடலாம், அவரை ஏமாற்றலாம், காலில் விழலாம். அவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். மழை தடுத்தால் பையன் காத்திருப்பான், அவ்வளவுதான். தாத்தா தடுத்தால் அவன் ஏதாவது செய்தாக வேண்டும். தாத்தா ஏன் விடவில்லை என்று யோசித்து வருவது வீட்டுப்பாடம்.

நவம்பர் 7, வெள்ளி

தாத்தாவுக்குக் கிடைத்த காரணங்களில் சில: அவருடைய தம்பி அந்தக் கொண்டையூசி வளைவில்தான் செத்துப்போனார். மூட்டையில் எடை குறைவது பையனுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தாத்தாவையே ஒருநாளும் யாரும் லாரியில் ஏற்றவில்லை. மூன்றாவது காரணத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எனக்கு என்னமோ அதுதான் அசல் கதை.

பிறகு பயத்தைப் பற்றிப் பேசினோம். "அவன் மிகவும் பயந்தான்" என்று எழுதக் கூடாது, பயந்தவன் என்ன பார்த்தான், உடம்பு என்ன செய்தது, அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். பயத்துக்குக் காட்டுமாடு போதும், இங்கே அதை வழியில் பார்க்காத பிள்ளை கிடையாது. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது போட்டோ. இவர்களுக்கு அது விடிகாலையில் தோட்டத்துப் பாதையை அடைத்து நிற்கும் கறுப்பு.

பூண்டிப் பெண் எழுதியது: "அது மூச்சு விட்டது. புகை வந்தது. அம்மா என் கையை விடவும் இல்லை, அழுத்தவும் இல்லை." இதற்கு மேல் நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியாரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "போர்ஷன் முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்றார்.

நவம்பர் 11, செவ்வாய்

எல்லாக் கதையும் காலை ஆறு மணிக்கு எழுகிறது. பல் தேய்க்கிறது, டீ குடிக்கிறது, பையை மாட்டுகிறது. இரண்டாம் பக்கத்தில்தான் ஏதாவது நடக்கிறது.

முதல் பத்தியை ஸ்கேலால் மறைத்து, அடுத்ததிலிருந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். புரியவில்லை என்றால் முதல் பத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. பல் தேய்ப்பதைக் கதையில் வைக்கலாம், அன்றைக்கு மட்டும் பிரஷ் காணாமல் போயிருந்தால்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தின விழா, மாறுவேடம், மிட்டாய். கதை பீரியட் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

கவுஞ்சிக்காரி கதை வாசித்தாள். ஒரு வீட்டில் ஊன்றுவதற்காகப் பரணில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டை, அடுப்புப் புகை பட்டுக் கறுத்துப்போன கட்டுகளை, அப்பா ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிடுகிறார். காலையில் அம்மா அண்ணாந்து பார்க்கிறாள், வெறும் கயிறு. விதைப்பூண்டு போனால் அந்தப் போகமே போச்சு என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். வகுப்பு அமைதியாகக் கேட்டது. முடித்ததும் பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இது அவங்க வீட்டுலயே நடந்தது டீச்சர்." அவள் உட்கார்ந்துவிட்டாள். நோட்டை மூடிவிட்டாள்.

உடனே இரண்டாவது விதி போட்டேன். யார் கதை வாசித்தாலும் "நெசமா?" என்று கேட்கக் கூடாது. "நம்புற மாதிரி இருந்துச்சா?" என்று மட்டும் கேட்கலாம்.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்தாள். "கிழிச்சுப் போட்டுரவா டீச்சர்?" வேண்டாம் என்றேன். வீட்டில் நடந்ததை வீட்டிலேயே வை, அதில் எரிகிற இடத்தை மட்டும் கதைக்கு எடுத்துக்கொள் என்றேன். எரிவது எது என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, "அந்த வெறும் கயிறு" என்றாள். அப்போது கயிறு இருக்கட்டும், மற்ற எல்லாவற்றையும் மாற்று. ஊரை மாற்று, விற்ற ஆளை மாற்று, நாளைக்கு வா என்று அனுப்பினேன்.

நவம்பர் 19, புதன்

கவுஞ்சிக்காரியின் கதையிலிருந்து அப்பா போய்விட்டார். விற்றது பாட்டி. ஊர் வெள்ளகவி. அவளுடைய அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊராம். அங்கே ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, சாமான் எல்லாம் குதிரை மேல்தான் வந்துகொண்டிருந்ததாம். பூண்டு வாங்க வந்த வியாபாரி எல்லையில் செருப்பைக் கழற்றிவிட்டு, குளிரில் ஒற்றைக்கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு விலை பேசுவதாக எழுதியிருக்கிறாள். தனக்குக் கால் வலிப்பதால் அவன் சீக்கிரம் பேரம் முடிக்கப் பார்க்கிறான். பாட்டி அதைக் கவனித்துவிட்டு, வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள். இதையெல்லாம் நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏன் பாட்டியாக மாற்றினாய் என்று கேட்டேன். "அப்பா ஏன் வித்தாருன்னு எனக்குத் தெரியாது. பாட்டி ஏன் வித்துச்சுன்னு நான்தானே முடிவு பண்ணணும்" என்றாள்.

கற்பனைக் கதை எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன். வாழ்க்கையில் நடந்ததற்குக் காரணம் தெரியாமலே போகலாம். கதையில் அதை எழுதுகிறவர் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்கும்போது, திட்டிக்கொண்டிருந்த ஆளின் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருக்கிறது. அது பதினான்கு வயதுக்குச் சின்ன வேலை இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

பேச்சு எழுதுவது. "கொச்சையா எழுதினா மார்க் குறைப்பீங்களா?" என்றுதான் முதல் கேள்வி. பாத்திரம் பேசும்போது அதன் வாய் எப்படியோ அப்படி, கதைசொல்லி சொல்லும்போது எழுத்துத் தமிழ் என்றேன். அப்புறம் பேர் போடாமல் ஐந்து வரி உரையாடல் எழுதி, யார் பேசுவது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டக்டரும் ஹெட்மாஸ்டரும் ஒரே மாதிரி பேசினால் கதை தோற்றது. இதில் பையன்கள்தான் கெட்டி, கண்டக்டரை அப்படியே இறக்கிவிட்டார்கள்.

குதிரையே கதையைச் சொல்லலாமா என்று பூம்பாறைப் பையன் கேட்டான். தாராளமாக. தமிழில் முதல் சிறுகதை என்று பலரும் சொல்லும் வ.வே.சு. ஐயர் கதையிலேயே பேசுவது ஓர் அரசமரம்தான். ஆனால் அந்த மரம் குளத்தங்கரையை விட்டு நகராது, அது பார்க்கிற தூரம்தான் அதற்குத் தெரியும். உன் குதிரைக்கு மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியுமா? கனம் மட்டும் தெரியும் என்றான். அப்படியே எழுது என்றேன்.

நவம்பர் 25, செவ்வாய்

முடிவுகள். பாதிக் கதைகளில் பஸ் பள்ளத்தில் விழுகிறது. மீதியில் கதாநாயகன் திடுக்கிட்டு எழுகிறான், எல்லாம் கனவு. இரண்டுக்கும் தடை போட்டேன். கிளாவரைக்காரனுக்குக் கோபம். கடைசி பஸ்ஸில் தினமும் போகிறவன் அவன். அவனுக்கு அந்தப் பள்ளம் கற்பனை இல்லை. நியாயம்தான். அப்படியானால் முதல் பக்கத்திலேயே பஸ் தடுமாறட்டும், பிறகு அதில் இருக்கிற ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுது என்றேன். முறைத்துக்கொண்டே எழுதினான்.

கதை முடிந்தது எப்படித் தெரியும் என்ற அவன் பழைய கேள்விக்கும் இன்று பதில் சொன்னேன். முதலில் போட்ட இரண்டு கேள்விகளுக்குத் திரும்பிப் போ. வேண்டியது கிடைத்துவிட்டதா, இனிமேல் கிடைக்காது என்று ஆகிவிட்டதா, அல்லது அது வேண்டாம் என்றே அவன் மாறிவிட்டானா? மூன்றில் ஒன்று நடந்தால் பேனாவை வைக்கலாம்.

நவம்பர் 28, வெள்ளி

ஐந்து கதைகளைத் தேர்ந்தெடுத்து, நல்ல தாளில் படியெடுக்கச் சொல்லியிருக்கிறேன். கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழுக்கு அனுப்பப்போகிறோம். அதில் பிள்ளைகள் எழுதுவதைப் போடுகிறார்கள். ர, ற, ல, ள மட்டும் திருத்தினேன். "வித்துச்சு" அப்படியே இருக்கிறது.

கவுஞ்சிக்காரியின் கதையில், பாட்டி விற்ற காசு எங்கே போனது என்று கடைசியில் தெரிகிறது. கடைசி இரண்டு வரியில் பாட்டி அழுது மன்னிப்புக் கேட்கிறாள். அது வேண்டாம், மருமகள் மறுபடி பரணைப் பார்ப்பதோடு நிறுத்து என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இல்ல டீச்சர், அது கேக்கணும்" என்றாள். என் கண்ணுக்கு அந்த இரண்டு வரி இன்னமும் அதிகம்தான். இருந்தும் அப்படியே உறையில் வைத்துவிட்டேன்.

அரையாண்டுத் தேர்வுக்குள் இரண்டு இயல் பாக்கி இருக்கிறது. திங்கள் முதல் இலக்கணம்.