பிர்ச் மரமும் வருக்கைச் சக்கையும்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு. குலசேகரம்.

திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக வீடு வந்து சேரும்போது காலை பத்து மணி ஆகிவிட்டது. இரவு படுக்கப் போகும் இந்நேரம் வரை ஒரு தும்மல்கூட வரவில்லை. நேற்று ஜெர்மனியின் ஹனோவரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்த பதினைந்து நிமிடத்தில் எத்தனை முறை தும்மினேன் என்று எண்ணவே முடியவில்லை. கண்கள் சிவந்து ஊறிக் கிடந்தன.

மற்றவர்கள் விடுப்பைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் சேர்த்து வைப்பார்கள். நான் மூன்று ஆண்டுகளாகப் பிர்ச் என்ற ஒரு மரம் பூக்கும் காலத்துக்கென்று சேர்த்து வைக்கிறேன்; அதன் மகரந்தம் எனக்கு ஒவ்வாமை. மருத்துவமனையில் செவிலியராக வேலை செய்துகொண்டே மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பது நோயாளிகளுக்கும் நம்பிக்கை தராது. அம்மா மட்டும் இது பனி நாட்டில் பிடித்த நீர்க்கோவை என்பதை விட்டு இறங்கி வருவதாக இல்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்.

இன்று மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, அந்த மரத்தின் படத்தைக் காட்டினேன். வெள்ளைப் பட்டையும் மெலிந்து தொங்கும் கிளைகளும் கொண்ட அந்த மரத்தைப் பார்த்து, "இவ்வளவு அழகான மரமா உன்னைப் படுத்துகிறது?" என்று கேட்டார். அழகுக்காகத்தான் அங்கே தெருவெங்கும் நட்டிருக்கிறார்கள். பூ என்று நாம் நினைக்கும் எதுவும் அதில் இல்லை; புழுவைப் போல் தொங்கும் ஆண் பூக்கதிர்களும் சிறிய பெண் பூக்கதிர்களும் மட்டுமே உண்டு. ஓர் ஆண் கதிரில் சுமார் ஐம்பது லட்சம் மகரந்தத் துகள்கள் இருக்கும். வண்டை நம்பாமல் காற்றை நம்பி வாழும் மரம் என்பதால் அவ்வளவையும் காற்றில் கொட்டிவிடுகிறது. ஒரு துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இருக்கும். அது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து போகக்கூடியது.

2018இல் நான் அங்கே போனபோது எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. புதிய நாட்டின் மகரந்தத்தை உடல் பகையாகப் பதிவு செய்துகொள்ளச் சில வசந்தங்கள் ஆகும் என்பதை 2022இல் என் மூக்கே எனக்குக் கற்பித்தது. அந்த மகரந்தத்தில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்து, மூக்கிலும் கண்ணிலும் உள்ள சில உயிரணுக்களின் மேல் ஒட்டவைத்துக் காத்திருக்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்து தொட்டதும் அவை அரிப்பையும் தும்மலையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடுகின்றன. இந்த ஐஜிஇ அறியப்பட்டது 1960களின் பிற்பகுதியில்தான். அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், பிர்ச் மரத்தின் சொந்த நாடு என்றே சொல்லத்தக்க ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் முன்கையில் மகரந்தச் சாற்றைச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்க்கும் தோல் சோதனை செய்தார்கள். அதற்குச் சில நாள் முன்பே ஹிஸ்டமினைத் தடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை நிறுத்த வேண்டும், இல்லையேல் சோதனை பொய் சொல்லும். பதினைந்து நிமிடத்தில் மூன்று மில்லிமீட்டர் தடித்தாலே ஒவ்வாமை என்று கொள்வார்கள். எனக்குப் பிர்ச்சுக்கு எட்டு மில்லிமீட்டர் தடித்தது. அதன் உறவுமரங்களான ஹேசலும் ஆல்டரும்கூடத் தடித்தன. பிப்ரவரியிலேயே எனக்கு மூக்கு அரிப்பது ஏன் என்பது அன்றுதான் விளங்கியது.

ஏப்ரல் 14, திங்கள். சித்திரை விஷு.

விடியற்காலையில் அம்மா என் கண்ணைப் பொத்தி அழைத்துப்போய்க் கனி காட்டினார். கொன்றைப்பூ, வெள்ளரி, மாங்காய், தேங்காய், நடுவில் எங்கள் தெற்கு விளையில் காய்த்த ஒரு வருக்கைச் சக்கை, அதாவது பலாப்பழம். மதியம் அண்ணன் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அதை வெட்டினார். தேன் நிறச் சுளை. ஏழு ஆண்டுகளாக எந்த விடுப்பிலும் பழுத்த சக்கை வாய்க்காமல், இப்போதுதான் ஒன்றின் முன் உட்கார்ந்தேன்.

நான்காவது சுளையில் மேலண்ணம் அரிக்கத் தொடங்கியது. பிறகு நாக்கின் அடி, காதின் உட்புறம், உதடு. அரை மணி நேரத்தில் தானாகவே தணிந்துவிட்டது. மூச்சுக்கோ தொண்டைக்கோ ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கோ முகம் வாடிவிட்டது. "சக்கைப்பழம் ஆருக்காவது ஒத்துக்கிடாம போகுமா மக்களே?" என்று மூன்று முறை கேட்டார். பால் பிசின் பட்டிருக்கும் என்பது மைனியின் தீர்ப்பு.

ஏப்ரல் 15, செவ்வாய்.

இரவு முழுவதும் இதையே யோசித்துக் கிடந்தேன். மைனி சொன்ன பிசினை எளிதில் தள்ளிவிட முடியாது. ரப்பர் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சில பழங்களும் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. நானோ ரப்பர் விளைக்கு நடுவில் பிறந்து, கையுறை மாட்டும் தொழிலில் இருப்பவள். ஆனால் ரப்பர் கையுறை என் கையை ஒருநாளும் தடிக்கச் செய்ததில்லை. அந்த ஒவ்வாமைக்காரர்களை முதலில் தொல்லைப்படுத்தும் பழங்களில் ஒன்றான வாழைப்பழத்தை நான் நாள்தோறும் தின்கிறேன்.

விடை ஆப்பிளில் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வேகவைக்காத ஆப்பிளைக் கடித்தால் இதே அரிப்புதான் எனக்கு. வேகவைத்த ஆப்பிள் கேக்கை மட்டும் நிம்மதியாகத் தின்பேன். பிர்ச் மகரந்தத்தின் முதன்மைப் புரதத்துக்குப் பெட் வி 1 என்று பெயர். அதே வடிவில் வார்த்த புரதங்கள் ஆப்பிள், பீச், ஹேசல் கொட்டை, கேரட், செலரி, சோயா ஆகியவற்றிலும் உண்டு. தாவரங்கள் நோய்க்கிருமியிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளச் செய்யும் புரதக் குடும்பம் அது. நம் எதிர்ப்பொருளுக்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. அண்ணனைத் தேடி வந்து தம்பியை அடித்துவிட்டுப் போகும் போலீஸ்காரரைப் போன்றது. அந்தத் தம்பிகளில் ஒருவர் நம் சக்கை என்பதை 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு பிர்ச் மரம்கூடக் கிடையாது. ஆனால் அதனால் வந்த ஒவ்வாமையை நானே வாயில் சுமந்துகொண்டு சக்கை மரத்தடி வரை வந்திருக்கிறேன்.

வாய் அரிப்போடு நின்றால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. தொண்டை அடைப்பதும், குரல் மாறுவதும், மூச்சு இரைப்பதும், உடம்பெங்கும் தடிப்பதும், தலைசுற்றுவதும் வேறு கதை; அப்போது வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்தப் புரதக் குடும்பத்தில் சோயாப் பாலைத் தனியே குறித்து வைத்திருக்கிறேன். பிர்ச் ஒவ்வாமை உள்ள சிலருக்கு அது வாயோடு நிற்காமல் உடல் முழுவதையும் தாக்கியிருக்கிறது.

ஏப்ரல் 17, வியாழன்.

இந்தப் புரதம் சூட்டில் குலைந்துவிடும் என்று அம்மாவிடம் சொன்னேன். அதற்குள் அடுப்பில் சக்கைப் புழுக்கு வெந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு வாய், பிறகு காத்திருந்து அரைக் கிண்ணம், பிறகு மீன் குழம்போடு தட்டு நிறைய. ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்.

நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து வந்தேன். என் கணக்கு சரி என்றார், நெஞ்சில் இளைப்பு இருக்கிறதா என்று சோதித்தார், பிறகு மூக்கு ஸ்பிரேயை அடித்துக் காட்டச் சொன்னார். நான் அடித்த விதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தலையைச் சற்றே குனிந்து, வலது மூக்குக்கு இடது கையும் இடது மூக்குக்கு வலது கையுமாகப் பிடித்து, நடுத்தண்டின் மேல் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடித்து, பிறகு மெதுவாக மூச்சிழுக்க வேண்டுமாம். நான் மூன்று ஆண்டுகளாக நேராக அடித்து, உறிஞ்சி, மருந்தைத் தொண்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். செவிலியர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாகப் போய்விட்டது.

மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் போன்ற இந்த ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் முழுப்பலன் தரச் சில நாட்கள் ஆகும். ஆகையால் பருவம் தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே தொடங்கி நாள்தோறும் அடித்து வர வேண்டும். தும்மல் வந்த பின் தேடினால் பயன் குறைவு. அடைப்பை நொடியில் திறக்கும் வேறு வகைச் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போட்டால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். மாத்திரையில் செட்டிரிசின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிற்கால வகைகளே நல்லது. சென்ற முறை ஊரில் ஒரு மருந்துக் கடையில் சளி மாத்திரை என்று கொடுத்த பழைய வகையை விழுங்கிவிட்டு, உறவினர் திருமணத்தில் பந்தியிலேயே தூங்கிவிழுந்தேன்.

துணியை வெளியே காயப்போடக் கூடாது என்பதை மட்டும் அம்மாவால் ஏற்க முடியவில்லை. வெயிலில் காய்ந்தால்தானே துணி சுத்தம் என்கிறார். இங்கே அது சரி. அங்கே ஏப்ரலில் கொடியில் காயும் தலையணை உறை மகரந்தத்தை வாரிக்கொண்டு வரும், இரவெல்லாம் அதன் மேல்தான் முகம் கிடக்கும். படுக்குமுன் தலைக்குக் குளிப்பதும் அதற்காகவே.

மே 1, வியாழன்.

ஆண்டுதோறும் ஓடி வருவது தீர்வாகாது. 1911இல் லண்டனில் நூன் என்பவர் புல் மகரந்தச் சாற்றை ஊசியில் சிறிது சிறிதாக ஏற்றி உடலைப் பழக்கிய முறை இன்று பிர்ச்சுக்கு நாக்கடி மாத்திரையாகவும் கிடைக்கிறது. ஐரோப்பாவில் 2019இல் அனுமதி பெற்றது. பருவத்துக்குக் குறைந்தது பதினாறு வாரம் முன்பே தொடங்கி, முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில் போட்டுக்கொண்டு, மூன்று ஆண்டுகள் விடாமல் தொடர வேண்டும். தொடக்க நாட்களில் வாய் அரிக்கும். அதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே. வேகவைக்காத சக்கைப்பழமும் அதனால் ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அக்டோபரில் தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணனிடம் ஒரு செய்தி சொன்னேன். நாம் பனையோலையில் எழுதியதைப் போல இமயத்துப் பக்கத்தவர் எழுதிய பூர்ஜ பத்திரமும் ஒரு வகைப் பிர்ச் பட்டைதான். 1881இல் கிடைத்த பக்‌ஷாலி கணிதச் சுவடி அதில் எழுதப்பட்டது. "அப்போ நம்ம பனை எவ்வளவோ பரவாயில்லை" என்றார்.

மே 3, சனி.

நாளை பயணம். ஜெர்மன் வானிலைத் துறையின் மகரந்தக் குறியீடு 0 முதல் 3 வரை போகும். இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். ஸ்பிரேயைப் பத்து நாளாக அடித்து வருகிறேன். கண்ணாடியும் முகக்கவசமும் கைப்பையில் இருக்கின்றன.

அம்மா இரண்டு நாளாக உருளியில் வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய சக்கை வரட்டியை ஒரு போத்தலில் அடைத்து வைத்திருந்தார். பெட்டியில் வைக்குமுன் ஒரு கரண்டி கொடுத்து, தின்னச் சொல்லிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்துகொண்டார். தோல் சோதனைக்குப் பதினைந்து நிமிடம் என்று நான் சொன்னது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. பதினாறாவது நிமிடத்தில் போத்தலை இறுக மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.