ஏழாம் எண் சட்டை: ராப் பரோ பற்றிய நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு, லீட்ஸ்

ரக்பி லீக் ஆட்டக்காரர் ராப் பரோ இறந்துவிட்டார். வயது 41. தசைகளை மெல்ல மெல்ல முடக்கும் மோட்டார் நியூரான் நோய் என்று 2019 டிசம்பரில் தெரியவந்தது. அதன் பிறகு நாலரை ஆண்டு. இந்த ஊரில் யாருக்கும் இது எதிர்பாராத செய்தி இல்லை. இருந்தும் வேறு எதிலும் மனம் செல்லவில்லை.

எங்கு பார்த்தாலும் சக்கர நாற்காலிப் படங்கள்தான். நோயை அவர் எதிர்கொண்ட விதம் பெரிது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 2001 முதல் 2017 வரை லீட்ஸ் ரைனோஸ் என்ற ஒரே கிளப்புக்கு 492 ஆட்டங்கள் ஆடியவர் அவர். இங்கிலாந்தின் முதன்மை ரக்பி லீக் போட்டியான சூப்பர் லீகில் எட்டுப் பட்டங்கள் வென்றவர். அந்த ஆட்டக்காரர் மறந்துபோகக் கூடாது. அதனால் இங்கே அவரைப் பற்றி எழுதிவைக்கிறேன்.

ஜூன் 3

ஐந்தடி ஐந்து அங்குலம். அவரைப் பற்றி எழுதுபவர்கள் யாரும் இந்த அளவைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்லத்தான் வேண்டும். ரக்பி லீகில் அணிக்கு 13 பேர். முன்வரிசை ஆட்கள் நூறு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரைதான் வாய்ப்பு. பந்தோடு யார் ஓடினாலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மடக்கிக் கீழே தள்ளுவார்கள், அதுதான் டேக்கிள். சிறிய உடம்புக்கான விளையாட்டே இல்லை.

பொன்டிஃப்ராக்டில் பிறந்தவர். சிறுவனாக ஆடியது ஃபெதர்ஸ்டன் லயன்ஸ் அணிக்கு. பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் அது. இந்த விளையாட்டே அப்படிப்பட்ட ஊர்களில் வளர்ந்ததுதான். வேலையை விட்டுவிட்டு ஆட வருபவனுக்குப் போன கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடக்குப் பகுதி கிளப்புகள் கேட்டன. அன்று ரக்பியை நடத்திய மேலிடம் மறுத்தது. 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி, பிரிந்துவந்தார்கள். அந்தப் பிரிவிலிருந்து வந்ததுதான் இன்றைய ரக்பி லீக்.

இன்னொரு செய்தி. லீட்ஸ் சீக்ராஃப்ட் மருத்துவமனையில் பரோ பெயரில் அமையவிருக்கும் மோட்டார் நியூரான் நோய் சிகிச்சை மையத்துக்கு இன்று முதல் மண் வெட்டினார்கள். அவர் இறந்த மறுநாள். தள்ளிவைக்கவில்லை, குடும்பத்தினரும் வந்திருந்தார்கள்.

ஜூன் 5

2011 சூப்பர் லீக் இறுதி ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். ஓல்ட் டிராஃபோர்டு, எதிரணி செயின்ட் ஹெலன்ஸ். அந்த ஆண்டு புள்ளிப்பட்டியலில் லீட்ஸ் ஐந்தாம் இடம். அங்கிருந்து பட்டம் வரை வரும் என்று நம்பியவர்கள் குறைவு. பரோ தொடக்கத்தில் களத்தில்கூட இல்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

முதல் பாதியிலேயே உள்ளே வந்தார். டேக்கிள் ஆனவன் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவான். பின்னால் நின்று அதை எடுப்பவன்தான் டம்மி ஹாஃப். பரோ அங்கே நின்றார். பந்தை எடுத்தவுடன் யாருக்காவது வீசுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் ஓடினார். பிடிக்க நீண்ட கைகளுக்கு அடியில் குனிந்து, கபடியில் பிடி நழுவும் ஆள் போல வெளியே வந்தார். கடைசியாக எதிரே பால் வெலன்ஸ் மட்டும். அவரையும் விலகிக் கடந்து கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார்.

வேகம் மட்டும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. குனிவதற்கு முந்தைய கணத்தில் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்க்கிறார். எந்தத் தடுப்பாளன் களைத்திருக்கிறான், எவன் எடையை ஒரு காலில் வைத்திருக்கிறான் என்று படித்துவிடுகிறார். பெரிய ஆட்களை மோதி வெல்ல முடியாதவன் அவர்களைப் படிக்கக் கற்றுக்கொள்கிறான். குள்ளமாக இருந்தும் ஜெயித்தார் என்று எழுதுகிறார்கள். அந்த உயரத்துக்கென்றே ஒரு ஆட்டத்தைக் கட்டிக்கொண்டார் என்பதே சரி.

பின்பாதியில் 16-8 என்று பின்தங்கியும், 32-16 என்று முடித்தார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கான ஹாரி சண்டர்லேண்ட் கோப்பை அவருக்கே. 2007 இறுதி ஆட்டத்திலும் அவர்தான் அதை வாங்கினார்.

ஜூன் 8

லண்டன் வெம்பிளி அரங்கில் ரக்பி லீகின் சேலஞ்ச் கோப்பை இறுதி. ஏழாம் நிமிடத்தில் அரங்கம் முழுக்கக் கைதட்டியது. பரோவின் சட்டை எண் ஏழு. வீகன் 18-8 என்று வாரிங்டனை வென்றது.

ரக்பி மோதல்களால்தான் இந்த நோய் வந்ததா என்று ஊரிலிருந்து அண்ணன் ஃபோனில் கேட்டார். தனி ஒரு மனிதர் விஷயத்தில் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது என்றேன். தலையில் அடிபடுவதைக் குறைக்க வேண்டும், அதற்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஜூலை 7

இறுதிச் சடங்கு. ஏழாம் மாதம், ஏழாம் தேதி. வழிநெடுக ஆட்கள் நின்றார்கள்.

கெவின் சின்ஃபீல்டை நினைத்துக்கொண்டிருந்தேன். லீட்ஸ் அணியின் முன்னாள் கேப்டன். 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். மறு ஆண்டு லெஸ்டரிலிருந்து லீட்ஸ் வரை 24 மணி நேரத்தில் 101 மைல். எல்லாம் நண்பனுக்காக, இந்த நோய்க்கான நிதி திரட்ட. 2023 மே 14 அன்று லீட்ஸ் மாரத்தானில் பரோவை நாற்காலியில் தள்ளிக்கொண்டே ஓடிவந்து, கோட்டருகே தூக்கிச் சுமந்து தாண்டினார்.

அதைச் சிலர் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தவர்கள் அவர்கள். 2004-இல், 32 ஆண்டுக்குப் பிறகு கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த அணியில் இருவரும் இருந்தார்கள். ஒருவர் டேக்கிளில் தவறினால் அடுத்தவர் உடம்பு வாங்கும். அப்படிப் பழகியவர்கள் பிறகும் விட்டுப்போக மாட்டார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 12

இன்று சூப்பர் லீக் இறுதி. வீகன் 9, ஹல் கேஆர் 2. ஒரே ஒரு ட்ரை, அதாவது கோட்டைத் தாண்டிப் பந்தை வைப்பது. அடித்தது வீகனின் பெவன் ஃப்ரெஞ்ச். திறமையை நம்பி இடைவெளிக்குள் புகுந்த ஓட்டம்.

ஹாரி சண்டர்லேண்ட் கோப்பை இருந்த இடத்தில் இந்த ஆண்டு முதல் ராப் பரோ விருது. அதை முதலில் வாங்கியவரும் ஃப்ரெஞ்ச்தான். பலத்தால் முட்டி ஜெயித்த ஒருவரிடம் போயிருந்தாலும் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் இது சரியான கைக்கே போயிருக்கிறது.