‘நேற்று ஒன்றுமே படிக்கவில்லை’: சமூக உளவியலை விடுதியில் படித்த அனுபவம்

முதல் பருவத்தின் உள்மதிப்பீட்டுத் தேர்வில் சமூக உளவியல் தாளில் ஐம்பதுக்குப் பதினெட்டு மதிப்பெண் வாங்கினேன். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ் வழி, இளங்கலையில் தாவரவியல், முதுகலையில்தான் உளவியல். “சமூக உளவியல் எளிது, கதை போல இருக்கும்” என்று சீனியர் அக்காக்கள் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். வரையறைகளை ஒன்று விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

தேர்வில் வந்த கேள்வி இதுதான்: பிறர் உடனிருப்பது ஒருவருடைய செயல்திறனைக் கூட்டுமா, குறைக்குமா? சோஷியல் ஃபெசிலிடேஷன் என்றால் கூட்டும், சோஷியல் லோஃபிங் என்றால் குறைக்கும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு வந்துவிட்டேன். எப்போது கூட்டும், எப்போது குறைக்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கேள்வியின் உயிரே அங்குதான் இருந்தது. விடைத்தாளைத் திருப்பித் தந்த ஆசிரியை திட்டவில்லை. “உங்கள் விடுதியில் படிப்பறை இருக்கிறதல்லவா? இன்றிரவு அங்கே உட்கார்ந்து உன்னையே கவனித்துப் பார்” என்றார்.

போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விடையை எழுதிப் பார்த்தபோது, சுற்றிலும் முப்பது பேர் குனிந்து படிக்கும் அந்த அறையில் கை தானாக ஓடியது. பிறகு, அதுவரை பிடிபடாத புள்ளியியல் கணக்கு ஒன்றை எடுத்தேன். அதே முப்பது பேர் இப்போது பாரமானார்கள். பக்கத்து மேசைக்காரி தாளைப் புரட்டும் ஓசை கேட்டாலே, அவள் முன்னே போய்க்கொண்டிருக்கிறாள் என்று மனம் அலைந்தது.

அன்றிரவுதான் அந்தப் பாடம் எனக்குத் திறந்தது. சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டும்போதைவிடப் பிறரோடு ஓட்டும்போது வேகமாகப் போவதைக் கவனித்த நார்மன் டிரிப்லெட், சிறுவர்களைத் தூண்டில் சக்கரம் சுற்ற வைத்துச் சோதித்து 1898-இல் எழுதினார். அதன்பின் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் திறன் கூடியது, சிலவற்றில் குறைந்தது. இந்த முடிச்சை 1965-இல் அவிழ்த்தவர் ராபர்ட் ஸையன்ஸ். பிறர் இருக்கும்போது நமக்குள் கிளர்ச்சி கூடுகிறது. அது நம்மிடம் மேலோங்கி நிற்கும் எதிர்வினையை முன்னே தள்ளுகிறது. பழகிய வேலையில் அந்த எதிர்வினை பெரும்பாலும் சரியாக இருக்கும். புதிய வேலையில் பெரும்பாலும் தவறாகப் போகும். 1982-இல் பூல் ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. நான்கு பேர் அருகில் நின்று பார்த்தபோது நன்றாக ஆடுபவர்களின் வெற்றி வீதம் 71 சதவீதத்திலிருந்து 80 ஆனது. சுமாராக ஆடுபவர்களுடையது 36-இலிருந்து 25-க்கு இறங்கியது.

என் படிப்பு முறையை அன்றே மாற்றிக்கொண்டேன். புதிய பாடம் என்றால் தனியாக மொட்டைமாடி. பழைய வினாத்தாளை எழுதிப் பார்ப்பது என்றால் படிப்பறை. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவாகப் படிப்பது நல்லதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. எதைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

சோஷியல் லோஃபிங், அதாவது சமூகச் சோம்பல், எங்கள் கருத்தரங்கக் குழுவில் கிடைத்தது. ஐந்து பேர், ஒரே தலைப்பு, ஐவருக்கும் ஒரே மதிப்பெண். இரண்டு பேர் வேலை செய்தோம். பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் கயிறு இழுக்கும் சோதனையில் கண்டு 1913-இல் வெளியிட்டதும் இதையே: ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைகிறது. ஆள் கூடினால் ஒருங்கிணைப்பு குலைவதும் அதற்கு ஒரு காரணம். 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் மூவரும் மாணவர்களைக் கைதட்டவும் கத்தவும் வைத்து, ஒருங்கிணைப்பை விலக்கிப் பார்த்த பிறகும் முயற்சி குறைவதைக் காட்டினார்கள். படிப்பறையில் என் தாள் என்னுடையது. குழுப்பணியில் என் பங்கு எது என்று யாருக்கும் தெரியாது. நான் எழுதத் தவறிய விடை இந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. அடுத்த கருத்தரங்கில் ஒவ்வொரு பகுதியின் கீழும் தயாரித்தவர் பெயரைப் போட்டோம். ஐந்து பேரும் வேலை செய்தோம்.

அதன்பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டேன். இடப்பக்கத்தில் அன்று நடந்த ஒரு நிகழ்ச்சி மட்டும். அதில் உளவியல் சொல் எதுவும் வரக்கூடாது. வலப்பக்கத்தில் மூன்று வரிகள்: கருத்தின் பெயர், ஆய்வாளரும் ஆண்டும், கடைசியாக, ‘எது மாறியிருந்தால் இது நடந்திருக்காது?’ முதல் இரண்டு வரிகளும் பாடநூலிலேயே கிடைக்கும். மூன்றாவது வரியை எழுத முடியாவிட்டால் கருத்து புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பல நாள் அந்த வரி வெறுமையாகத்தான் கிடந்தது.

மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்ளும் ஓர் இணையை இந்த முறையில்தான் பிரித்தறிந்தேன். “சந்தேகம் உண்டா?” என்று ஆசிரியர் கேட்கிறார். வகுப்பே மௌனம். எனக்குப் புரியவில்லை, ஆனால் மற்றவர்கள் முகம் தெளிவாக இருக்கிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை போலும் என்று நினைத்து நானும் முகத்தைத் தெளிவாக வைத்துக்கொள்கிறேன். மற்ற நாற்பது பேரும் அதையே செய்கிறார்கள். இது ப்ளூரலிஸ்டிக் இக்னரன்ஸ். இன்னொரு நாள், வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தி, “யாராவது இன்றைய குறிப்புகளை அனுப்புங்கள்” என்று கேட்டாள். எல்லோரும் பார்த்தோம். இரவு வரை யாரும் அனுப்பவில்லை. இங்கே தவறான புரிதல் எதுவும் இல்லை. அவளுக்குத் தேவை என்பது எல்லோருக்கும் தெரியும். வேறு யாரேனும் அனுப்புவார்கள் என்று இருந்துவிட்டோம். இது பொறுப்பு சிதறிப்போதல்.

லட்டானேயும் டார்லியும் 1968-இல் வெளியிட்ட இரண்டு சோதனைகளை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஒன்றில், உட்கார்ந்திருக்கும் அறைக்குள் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் போய்ச் சொன்னார்கள். அசையாமல் உட்கார்ந்திருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து, ஆபத்து இல்லை என்று முடிவு செய்தார்கள். மற்றொன்றில், தனித்தனி அறைகளிலிருந்து இன்டர்காமில் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கிறது. தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் அவர் பேச்சு முடிவதற்குள் 85 சதவீதம் பேர் உதவி தேடினார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம். இங்கே யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. ஆகவே குறைந்தது பொறுப்புணர்வுதான். இந்த வேறுபாட்டை எழுதுகிறவரின் விடை தனியே தெரியும். இதோடு சேர்த்து எழுதப்படும் 1964-ஆம் ஆண்டு கிட்டி ஜெனோவீஸ் கொலையில், 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற செய்தித்தாள் விவரம் மிகையானது என்று பின்னர் தெரியவந்தது. பழைய குறிப்புகளில் இருப்பதை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்புக்கும் வழி உண்டு. “யாராவது” என்று கேட்காமல் ஒருவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவள் அடுத்த முறை என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். பத்து நிமிடத்தில் அனுப்பினேன்.

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எழுதியது. “வினாத்தாளை இந்த முறை வெளியூர்ப் பேராசிரியர் எடுத்திருக்கிறாராம், பாதிப் பேர் தேற மாட்டார்களாம்” என்று மெஸ்ஸில் ஒரு பேச்சு. மறுநாள் அது “முக்கால்வாசிப் பேர்” ஆனது. ஏற்கெனவே பயந்திருக்கிறோம், பயத்தைக் கூட்டும் செய்தியை ஏன் நாமே பரப்புகிறோம்? இதே கேள்விதான் லியோன் ஃபெஸ்டிங்கரையும் குடைந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் வந்தது. அதிர்வை உணர்ந்தும் அழிவைக் கண்ணால் காணாத பகுதிகளில், இதைவிடப் பெரிய பேரிடர் வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியதை ஜமுனா பிரசாத் பதிவு செய்திருந்தார். அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை, காரணம் தெரியாமல் ஏற்கெனவே இருந்த பயத்துக்கு நியாயம் தேடித் தந்தன என்று ஃபெஸ்டிங்கர் எண்ணினார். நம் எண்ணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அந்த உறுத்தலைக் குறைக்க மனம் வழி தேடும் என்று 1957-இல் அவர் வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு இது ஒரு தொடக்கப் பொறி. சலிப்பான வேலையைச் சுவையானது என்று பொய் சொல்ல ஒரு டாலர் வாங்கியவர்கள், இருபது டாலர் வாங்கியவர்களைவிட அதிகமாக அந்தப் பொய்யைத் தாங்களே நம்பிய சோதனையை எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கோட்பாட்டின் வேர்களில் ஒன்று பீகார் மண்ணில் இருக்கிறது என்பதை நம் மாணவர்கள் ஏன் எழுதுவதில்லை என்று எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு. மெஸ் வதந்தி கேட்டால் இப்போதெல்லாம் நான் யாரையும் மறுப்பதில்லை. நமக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறேன்.

தேர்வறை வாசலில் கேட்கும் “நேற்று ஒன்றுமே படிக்கவில்லை” என்பதற்கும் பெயர் இருக்கிறது. செல்ஃப் ஹேண்டிகேப்பிங், பெர்க்லாஸ், ஜோன்ஸ், 1978. தோற்றால் சொல்ல ஒரு காரணத்தை முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்வது. வாயளவில் சொல்வதில் பெரிய கேடில்லை. அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவு நிஜமாகவே படிக்காமல் இருந்துவிடுபவர்களை நான் அறிவேன். திறமைசாலி என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் அதில் அதிகம் விழுந்தார்கள். அப்படி ஒரு தோழி இருந்தால் அவளிடம் “நீ கெட்டிக்காரி” என்று சொல்லாதீர்கள். எத்தனை பக்கம் முடித்தாள் என்று கேளுங்கள்.

கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி, உடனிருப்பவர்களை வேண்டுமென்றே தவறான விடை சொல்ல வைத்த ஆஷின் கோட்டுச் சோதனையை, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு ஆயத்தமாகும் எல்லோரும் படித்திருப்பார்கள். தவறான விடையை எல்லோரும் ஒருமித்துச் சொன்ன சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் அவர்களோடு ஒத்துப்போயின. உண்மையைச் சொல்லும் ஒரு துணை கிடைத்ததும் அது வெகுவாகக் குறைந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நெட் இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். பெயரையும் கருத்தையும் பொருத்தச் சொல்லும் கேள்விகள் வரும். அவற்றுக்கு நோட்டின் இரண்டாவது வரி போதும். கூற்று, காரணம் என்று வரும் கேள்விகளுக்கு மூன்றாவது வரிதான் உதவும்.

ஒரு பக்கம் மட்டும் நான் தவறாக எழுதியது. எங்கள் குழுவில் ஒருத்தி மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வந்தாள். இடப்பக்கத்தில், “அவளுக்குப் பொறுப்பில்லை” என்று எழுதியிருந்தேன். அறைத்தோழியான சீனியர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “இது நிகழ்ச்சி இல்லையே அம்மா, தீர்ப்பு” என்றார். பிறகுதான் விசாரித்தேன். அவள் ஊரிலிருந்து நகரத்துக்கு வரும் காலைப் பேருந்து அந்த வாரம் ஓடவில்லை. இரண்டு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஊருக்குப் போய் வேறு பஸ் பிடித்து வந்திருக்கிறாள். பிறர் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தைக் காரணமாக்கும் இந்தப் பிழைக்கு (ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர்) 1977-இல் லீ ராஸ் ‘அடிப்படை’ என்று அடைமொழி கொடுத்தார். ஆனால் 1984-இல் ஜோன் மில்லர் சிகாகோவிலும் நம் மைசூரிலும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அமெரிக்கப் பெரியவர்கள் குணத்தை அதிகம் சொன்னார்கள், மைசூர்ப் பெரியவர்கள் சூழ்நிலையை அதிகம் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் அந்த வேறுபாடு அவ்வளவாக இல்லை, வயதோடு வளர்ந்தது. விடையில் இதை எழுதினால் ‘அடிப்படை’ என்ற சொல்லையே நீங்கள் கேள்வி கேட்டதாகும். மைசூருக்குப் பக்கத்து மாநிலத்தில் பிறந்தும் நான் அந்தப் பிழையைச் செய்தேன் என்பதையும் மறக்கவில்லை.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. இடப்பக்கத்தை அடித்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன். மூன்றாவது வரியை மட்டும் ஏனோ எழுதவில்லை.

பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம் எங்கள் குழு ஒரு பயிற்சி செய்தது. ஒருவர் நோட்டை மற்றவர் வாங்கி, வலப்பக்கத்தைக் காகிதத்தால் மறைத்து, இடப்பக்கத்தைப் படித்துக் கருத்தைச் சொல்ல வேண்டும். கருத்து மாறுபட்டால் பாடநூலைத் திறப்போம். படித்ததிலேயே அதிகப் பயன் தந்தது அந்த ஐந்து நாள்கள்தான். என் நோட்டு அவளிடம் போனது. அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள். “இது நான்தானே?” என்றாள். “ஆமாம்” என்றேன். கருத்தின் பெயரைச் சரியாகச் சொன்னாள். மறைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்து, வெறுமையாக இருந்த மூன்றாவது வரியில் என் பேனாவாலேயே எழுதினாள்: ‘ஆறரை மணி பஸ் ஓடியிருந்தால்.’