பார்ட் டூ ஆர்டரில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். 2010இல் காஷ்மீர் எல்லையில் நடந்த சண்டையில் இறந்துபோனார். அப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வேலூர் பக்கம் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஓய்வூதியம், ஈமச்சடங்கு, மற்ற காகித வேலைகள் எல்லாவற்றையும் ஊரே கூட இருந்து முடித்துக் கொடுத்தது. மகள் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தாள். படிப்புக்கென்று நான் எந்த அலுவலகப் படியும் ஏறவில்லை, ஏற வேண்டிய தேவையும் வரவில்லை.

2023இல் அவள் பொறியியல் படிக்க ஆசைப்பட்டபோதுதான் எல்லாம் தொடங்கியது. கலந்தாய்வில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்று வாங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துலயும் பேர் வேற வேறயா இருக்கேம்மா" என்றார்.

பள்ளிச் சான்றிதழில் கயல்விழி. ராணுவப் பதிவில் கயல். பிறந்த தேதியும் இடித்தது: பள்ளியில் ஜூலை 12, ராணுவத்தில் ஜூலை 14.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் சுபேதார் மாமாதான். அவரிடம் ஓடினேன். "பார்ட் டூ ஆர்டர்ல என்னான்னு ஏத்தியிருக்கோ அதுதாம்மா கணக்கு. பட்டாளத்துல பொறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதுலதான் ஏறும். உன் புருஷன் எழுதிக் கொடுத்த நகல் பெட்டியில இருக்கும், தேடிப் பாரு" என்றார்.

கறுப்பு இரும்புப் பெட்டி, மேலே வெள்ளைப் பெயின்டில் என் வீட்டுக்காரர் எண்ணும் பெயரும். அதில் யூனிஃபார்முக்கு அடியில் இருந்தது அந்தத் தாள். அவர் கையெழுத்துதான். வீட்டில் கூப்பிடுகிற பெயரையே எழுதியிருக்கிறார். தேதி ஏன் 14 என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அப்புறம்தான் புரிந்தது. குழந்தை பிறந்தபோது அவர் மலை மேலே ஏதோ காவல் போஸ்ட்டில் இருந்தார். தகவல் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அவரைப் பொறுத்தவரை மகள் பிறந்தது 14ஆம் தேதிதான்.

திருத்தம் செய்ய நான் கொடுத்தவை: பிறப்புச் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் நகல், இரண்டு பெயரும் ஒரே பெண்ணுடையவைதான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், என் ஓய்வூதிய ஆணை நகல். மாவட்ட அலுவலகம் கடிதம் வைத்து படைவீரர் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு அனுப்பியது. திருத்தம் வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிட்டது. மகள் தன் கட்-ஆஃபிலேயே ஒரு தனியார் கல்லூரியில் இடம் பிடித்தாள். உங்கள் பிள்ளை இப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தால், தயவுசெய்து இந்த வாரமே பெட்டியைத் திறந்து பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா பாருங்கள். இனிஷியலையும் பாருங்கள். நம் ஊரில் ஒற்றை எழுத்தாகப் போடுவது அங்கே முழுப்பெயராக விரிந்திருக்கும்.

இனி கட்டணம். போரில் இறந்தவர்கள், காணாமல் போனவர்கள், ஊனமுற்றவர்கள் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்விச் சலுகை ஒன்று 1971 போருக்குப் பிறகு வந்தது. முதல் பட்டப்படிப்பு வரை கல்விக் கட்டணம் முழுவதும், விடுதிக் கட்டணம், கல்லூரிப் பேருந்துக் கட்டணம், புத்தகத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் வரை கிடைக்கும். 2017இல் கல்விக் கட்டணமும் விடுதியும் சேர்த்து மாதம் 10,000 ரூபாய்தான் என்று வரம்பு போட்டார்கள். விடுதியில் பிள்ளைகளை விட்டிருந்த குடும்பங்கள் கலங்கிப் போயின. அப்போதைய கடற்படைத் தளபதி சுனில் லான்பாவே அதை நீக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் வரம்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயம். உயிரைக் கொடுத்தவன் பிள்ளையின் படிப்புக்கு மாதக் கணக்கு பார்க்கக் கூடாது.

ஆனால் ஒன்று: முதலில் நாம் கட்ட வேண்டும், பிறகுதான் பணம் திரும்ப வரும். தையல் வருமானத்தில் 82,000 ரூபாய்க்கு எங்கே போவது? சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்தேன்.

போரில் இறந்ததற்கான சான்று, கல்லூரி முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிப்புச் சான்று, ரசீது எல்லாம் வைத்து அனுப்பினேன். ஆறு வாரத்தில் திரும்பி வந்தது. கல்லூரி மொத்தத்தையும் ஒரே வரியில் 'கட்டணம்' என்று போட்டிருந்தது. அதில் காப்புத்தொகை, அதாவது திருப்பித் தரும் டெபாசிட், 5,000 இருந்தது. அது சலுகையில் வராது, நன்கொடையும் வராது. கல்விக் கட்டணம் 55,000, பேருந்து 22,000, காப்புத்தொகை 5,000 என்று பிரித்து ரசீது வாங்க மூன்று முறை அந்த அலுவலக ஜன்னலில் நின்றேன். "எல்லாருக்கும் இப்படித்தான்மா கொடுக்கிறோம்" என்றார்கள். மூன்றாம் முறை மகளே என்னோடு வந்து, திரும்பி வந்த கடிதத்தைக் காட்டினாள். அன்றே கொடுத்தார்கள்.

ஏப்ரலில் ஒரு மதியம், ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தபோது போனில் குறுஞ்செய்தி வந்தது. 79,000 ரூபாய். புத்தகத்துக்கான 2,000மும் சேர்ந்திருந்தது. மறுநாள் சங்கிலியை மீட்டேன்.

போரில் இறக்காதவர்களின் குடும்பங்களும் சோர்ந்துவிட வேண்டாம். பிரதமர் கல்வி உதவித்தொகை என்று, முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அரசு அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு 2006-07 முதல் கொடுக்கிறது. முன்னாள் படைவீரர் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம், போரில் இறந்தவர்கள் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பில் முதலாண்டு சேர்ந்திருக்க வேண்டும், பன்னிரண்டாவதில் 60 சதவீதம் வேண்டும். ஆண்டுக்கு 5,500 பேருக்கு, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500. விண்ணப்பம் இணையத்தில், சரிபார்ப்பது மாவட்ட அலுவலகம். எதிர்வீட்டு அக்கா மகன் அதில்தான் படிக்கிறான்.

இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்டும்போதே ரசீதைப் பிரித்து வாங்கிவிட்டோம். படிவத்தை இந்த முறை மகள் நிரப்பினாள். படைவீரரின் எண் என்ற கட்டம் வந்ததும் நான் பெட்டியைப் பார்க்க எழுந்தேன். "இரும்மா" என்றவள், பார்க்காமலே எழுதி முடித்தாள்.