இரத்தத்தின் பின்னால் இருந்த ஓட்டை

விழித்திரையின் மையமான மாகுலாவில் ஓட்டை விழுவதற்குப் பெரும்பாலும் முதுமையே காரணம். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ்மம் வயதாக ஆகச் சுருங்கி விலகும்போது, மாகுலாவைப் பற்றி இழுத்துக் கிழித்துவிடுகிறது. என் அம்மாவுக்கு நேர்ந்தது வேறு. நெடுநாள் இரத்த அழுத்தத்தால் விழித்திரைத் தமனி ஒன்றின் சுவர் தளர்ந்து உப்பி, பிறகு வெடித்துக் குருதி கசிந்தது. அத்தகைய கசிவு விழித்திரைக்கு முன்னும் பின்னும் தேங்கக்கூடியது. அதன் அழுத்தம் மிக மெல்லிய மையத்தைத் துளைத்துவிடுவதும் உண்டு. குருதி மறைத்திருந்ததால் ஸ்கேனில் ஓட்டை தென்படவில்லை. அறுவை மேசையில், இரத்தத்தை அகற்றிய பிறகே மருத்துவர் அதைக் கண்டார்.

மாகுலா ஓட்டையை அறுவை சிகிச்சையால் மூட முடியும் என்பதைக் கெல்லி, வெண்டல் என்ற இரு மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் ஏற்கத் தொடங்கியது. அம்மாவுக்குச் செய்ததும் அதே வழியின் வளர்ச்சிதான்: கண்ணின் வெண்பகுதியில் நுண்துளைகள் இட்டு விட்ரியஸை அகற்றி, விழித்திரையின் மேலுள்ள மெல்லிய சவ்வை நீலச் சாயத்தால் புலப்படுத்தி உரித்து, இறுதியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள்.

அதன் பிறகுதான் எங்கள் பங்கு தொடங்கியது. வாயு மேலே எழும் இயல்புடையதாதலால், முகம் தரையை நோக்கியிருந்தால்தான் குமிழ் ஓட்டையின் மேல் படிந்து நிற்கும். எவ்வளவு நாள் குனிந்திருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எங்கள் மருத்துவர் கண்டிப்பானவர். எழுபதைத் தாண்டியவரை சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சிறிய அறையில் நாள் முழுதும் தலைகுனிந்து இருக்கச் சொல்வது, அறுவையை விடக் கடினமான சிகிச்சை என்றே கருதுகிறேன். சோற்றைப் பிசைந்து, குனிந்தபடியே உண்ணத் தோதான உயரத்தில் தட்டை வைப்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலையாயிற்று.

வருகிறவர்கள் எல்லாரிடமும் நான் வலியுறுத்திய ஒன்று உண்டு. கண்ணில் வாயு இருக்கும் வரை விமானப் பயணம் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து, வாயு விரிந்து, கண்ணின் அழுத்தம் பார்வையையே பறிக்கும் அளவுக்கு ஏறிவிடலாம். சென்னைத் திருமணத்திற்கு மட்டுமல்ல, பேருந்தில்தானே என்று மலேசியாவின் உயரமான கெந்திங் மலைக்கு அழைத்துச் செல்வதற்கும் இதே தடைதான். கண்ணில் நிரப்பப்படும் வாயுக்களில் எஸ்எஃப்6 ஏறத்தாழ 2 வாரங்களிலும், சி3எஃப்8 சுமார் 2 மாதங்களிலும் கரையும். அதுவரை வேறு எந்தச் சிகிச்சைக்குச் சென்றாலும், மயக்க மருந்தாக நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது என்று சொல்லியாக வேண்டும்.

ஓட்டை மூடிவிட்டது என்று ஸ்கேன் காட்டியபோது உறவினர்கள் முழுப் பார்வையும் திரும்பிவிட்டதாகவே எண்ணிக்கொண்டார்கள். விழித்திரைக்கு அடியில் தங்கும் இரத்தம் ஒளியுணரும் செல்களை நச்சுபோல் பாதிக்கிறது. அப்படி அழிந்த செல்களை எந்த அறுவையும் மீட்பதில்லை. அந்தக் கண்ணால் அம்மா இன்று தமிழ் முரசு நாளிதழின் தலைப்புகளைப் படிக்கிறார். செய்திக்குள் இருக்கும் சிறிய எழுத்துகள் நடுவில் நெளிந்து மறைகின்றன. விட்ரியஸை அகற்றிய கண்ணில் கண்புரை விரைவாக வளரும் என்பதால், அடுத்து அதற்கான அறுவைக்கு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.