கோவையில் வெப் டெவலப்பர் வேலை: தேடுவது முதல் ஆஃபர் லெட்டர் வரை

கோயமுத்தூரில் வெப் டெவலப்பர் வேலைக்கு மூன்று வாசல்கள் உண்டு. எதைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தயாரிப்பும் மாறும். சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு டைடல் பார்க் வட்டாரத்துப் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் (மற்ற நிறுவனங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவை) ஃப்ரெஷர்களை, அதாவது முன் அனுபவம் இல்லாத புதியவர்களை, பெரும்பாலும் கல்லூரி கேம்பஸ் வழியாகவே எடுத்துவிடுகின்றன. படிப்பு முடிந்தபின் அங்கே ரெஸ்யூமே போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண். சொந்தமாக சாஃப்ட்வேர் செய்து வெளிநாட்டுக்கு விற்கும் புராடக்ட் கம்பெனிகள் அடுத்த வாசல். குறைவாக எடுப்பார்கள், ஆழமாகக் கேட்பார்கள். மூன்றாவது, காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், கணபதி என்று ஊர் முழுக்க இருக்கும் பத்து, இருபது பேர் கொண்ட சின்ன கம்பெனிகள். கேம்பஸில் கிடைக்காதவர்களுக்கு முதல் வேலை பெரும்பாலும் இங்கேதான் அமைகிறது.

இந்தச் சின்ன கம்பெனிகளுக்கு வரும் வேலை இந்த வட்டாரத்தின் தொழிலை ஒட்டியது. பம்ப், மோட்டார் தயாரிப்பாளர்களுக்கு டீலர் போர்ட்டல், திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர்களுக்கு ஆர்டர் டிராக்கிங், நூல் மில்லுக்கு ஸ்டாக் கணக்கு. அதனால் பிஹெச்பி மொழியில் அமைந்த லாராவெல், வேர்ட்பிரஸ், கூடவே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தெரிந்தவருக்கு இங்கே இன்னும் மரியாதை இருக்கிறது. திரையில் தெரியும் பகுதியை அமைக்கும் ரியாக்ட் மட்டும் படித்துவிட்டு பிஹெச்பியைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கக்கூடிய இன்டர்வியூக்களில் நல்ல பங்கைத் தாங்களே இழக்கிறார்கள். ஜிஎஸ்டி இன்வாய்ஸ் பிடிஎஃப், ரேசர்பே பேமென்ட், டேலிக்கு எடுத்துப்போகும் எக்செல் கோப்பு ஆகிய மூன்றும் உள்ள ஒரு சின்ன ஆர்டர் ஆப் செய்து வைத்திருந்தால், பத்து 'டூ-டூ லிஸ்ட்' புராஜெக்டுகளைவிட அது பேசும்.

அந்த புராஜெக்டுக்கு லைவ் லிங்க் கட்டாயம் வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. ரெண்டர் போன்ற இலவச ஹோஸ்டிங்கில் பதினைந்து நிமிடம் யாரும் வராவிட்டால் சர்வர் தூங்கிவிடும். மறுபடி எழ ஒரு நிமிடம் வரை ஆகும். பார்க்கிறவர் பத்து விநாடியில் டேபை மூடிவிடுவார். இன்டர்வியூவுக்கு முன்பே லிங்கைத் திறந்து எழுப்பி வையுங்கள். ரெஸ்யூமேயில் டெமோ லாகின், பாஸ்வேர்டு கொடுங்கள். கோடை ஏற்றி வைக்கும் கிட்ஹப்பில், பாஸ்வேர்டு, ரகசியக் கீ எல்லாம் இருக்கும் என்வ் (.env) கோப்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் அழிப்பது மட்டும் போதாது, பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) கீ அப்படியே இருக்கும். அந்தக் கீயை ரத்து செய்து புதிது எடுக்க வேண்டும்.

பலர் தேங்குவது மெஷின் டெஸ்டில்தான், அதாவது கம்ப்யூட்டரில் ஒரு சின்ன ஆப்பைச் செய்து காட்டும் தேர்வில். வழக்கமாக இரண்டு, மூன்று மணி நேரம்: லாகின், ஒரு பட்டியல், சேர்க்க, திருத்த, நீக்க, தேட, பக்கம் பிரிக்க. டிசைனில் முதல் ஒரு மணி நேரத்தைக் கரைத்தால் எதுவும் முடியாது. முதலில் டேபிள் அமைப்பு, பிறகு ஏபிஐ (திரைக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வரும் வழி), கடைசியில்தான் அழகுபடுத்தும் சிஎஸ்எஸ். திருத்துகிறவர் பார்க்கும் இடங்கள் இவை: பாஸ்வேர்டு ஹாஷ் செய்யப்பட்டிருக்கிறதா (திரும்பப் படிக்க முடியாதபடி மாற்றிச் சேமித்திருக்கிறதா), பிரவுசரில் மட்டுமில்லாமல் சர்வரிலும் வேலிடேஷன் (உள்ளிட்டது சரியா என்ற சோதனை) இருக்கிறதா, தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறி போட்டால் டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளை உடைகிறதா, ஒருவருடைய ரெக்கார்டை யூஆர்எல்லில் எண்ணை மாற்றி இன்னொருவர் திறக்க முடிகிறதா. கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். நேரம் போதாவிட்டால் ஒரு அம்சத்தை விட்டுவிட்டு, ரீட்மீயில் (புராஜெக்டோடு வைக்கும் குறிப்புக் கோப்பில்) எழுதிவிடுங்கள். அரைகுறையாக ஓடுவதைவிட அது நல்லது. மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய லைப்ரரிகள் நிறைந்த நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரோடு ஜிப் செய்து அனுப்பாதீர்கள்.

அடுத்தது ஆஃபர் லெட்டர். சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு, வருடம் 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைப்போம். கம்பெனி போடும் 12 சதவீத பி.எஃப். 1,500, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) 4.81 சதவீதம் ஏறக்குறைய 601, இரண்டும் சிடிசிக்குள்ளேயே இருக்கும். மீதி 22,899-இல் உங்கள் பங்கு பி.எஃப். 1,500 போனால் 21,399. இதில் அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள். போனஸ், 'வேரியபிள்' என்று ஏதாவது சேர்ந்திருந்தால் மாதக் கணக்கு இன்னும் இறங்கும். கணக்குத் தாளை ஹெச்ஆரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சர்வீஸ் அக்ரிமென்ட் (இவ்வளவு காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால், எத்தனை மாதம், நடுவில் விலகினால் எவ்வளவு, நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று மூன்றையும் படித்த பிறகே கையெழுத்து. ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், வைத்துக்கொள்ள விடாதீர்கள். 'டிரெய்னிங் டெபாசிட்' என்று பணம் கேட்கிற இடத்தில் உட்கார வேண்டியதே இல்லை.

கோவைக்கு வெளியே, விழுப்புரம், தஞ்சாவூர், சேலத்தில் 2024-இல் மினி டைடல் பார்க்குகள் (ஐ.டி. கம்பெனிகளுக்கான கட்டடங்கள்) திறந்தன. தென்காசி மத்தளம்பாறையில் சாஃப்ட்வேர் கம்பெனியான ஜோஹோ பல ஆண்டுகளாக இயங்குகிறது. சொந்த ஊர்ப்பக்கமே இருக்க நினைப்பவர்கள் கட்டடத்தின் பெயரை நம்பிப் போகாமல், உள்ளே எந்தக் கம்பெனி, அது வெப் வேலை செய்கிறதா, ஃப்ரெஷர் எடுக்கிறதா என்று லிங்க்ட்இன்னில் அங்கே வேலை பார்க்கிறவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு இரண்டாவது மாதத்தில் யுஏஎன் என்ற உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணை வைத்து பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, முதல் மாதப் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருந்தும் பாஸ்புக்கில் வராவிட்டால் உடனே எழுத்தில் கேளுங்கள்.