இஸ்தோப்பில் தொங்கும் குளவிக் கலண்டர்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், எங்கள் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) இரண்டு கலண்டர் தொங்குகின்றன. ஒன்று ராகு காலம், நல்ல நேரம் பார்க்க. மற்றது நகைக்கடையில் கொடுத்த பெரிய தாள் கலண்டர். அதில் நான் குளவி வரவை எழுதுகிறேன்: எங்கே, எப்போது, எத்தனை, எந்தப் பக்கம் போனது. "பீலிக்கரை, காலை 9 மணி, மூன்று, கோயில் பக்கம் போனது" என்று கட்டத்துக்குள் பொடி எழுத்தில். பீலிக்கரை என்றால் தண்ணீர் பிடிக்கிற இடம். ஆரம்பத்தில் அம்மா சிரித்தார். இப்போது கொழுந்து மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் அவரே, "7ஆம் நம்பர் மலைக்கு மேல கழுகு சுத்துது, எழுதிக்க புள்ள" என்கிறார்.

கழுகுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கிறவர்களைக் கேளுங்கள். உயரத்தில் தொங்கும் கூட்டைக் கழுகு வந்து கலைக்கும். கலைந்த கூட்டம் கீழே நிற்கிறவர்கள் மேல் இறங்கும். "குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி" என்று பேப்பரில் வருகிறதே, அதில் பல நேரம் கொட்டியது மலைத்தேனீ. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரக் கொப்பின் அடியிலோ பாறை விளிம்பிலோ ஒரே அடையாக, மூடி ஏதும் இல்லாமல், கறுப்பாக அப்பிக்கொண்டு தொங்குமே, அதுதான். பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், பிறகு பழைய மரத்துக்கே திரும்பியும் வரும். அதனால்தான் போன வருடக் கலண்டரை நான் அடுப்பு மூட்டக் கொடுப்பதில்லை.

வீட்டோரம் வருகிறவை வேறு. கூரைத் தகரத்துக்கு அடியில் சின்னக் காம்பில் தொங்கும் சாம்பல் நிற அறைகள், மேலே சிவந்த பழுப்பில் ஒல்லியான குளவிகள்: காகிதக் குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றின் முன்பாதியில் அகலமான மஞ்சள் பட்டி, பறக்கும்போதே கனமாகச் சத்தம் கேட்டால் பெரிய குளவி. இதன் கூடு மரக்கிளையிலோ சுவரிலோ உருண்டையாக, ஒரு வாசல் வைத்து மூடியிருக்கும். பொந்துக்குள்ளும் கட்டும். கிட்டப் போகவே கூடாதது இதுதான்.

இது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் திசையை எழுதுவது. தண்ணீர் குடிக்க வருகிற குளவி குடித்து முடித்ததும் கூட்டை நோக்கிப் பெரும்பாலும் நேராகவே போகும். பீலிக்கரையிலிருந்து கோயில் பக்கம், எங்கள் துணி காயும் கொடிக்கம்பத்திலிருந்து பழைய பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) பக்கம் என்று இரண்டு கோடு கிடைத்தால், அவை வெட்டிக்கொள்கிற இடத்தைத் தூரத்தில் நின்று பார்த்தால் போதும். போன மழைக்குப் பிறகு அப்படித்தான் பிள்ளைக் காம்பராவின் உடைந்த சீலிங்குக்குள் ஒரு கூடு இருப்பது தெரிந்தது. போனில் ஸூம் பண்ணிப் படம் எடுத்து, உயிரினப் படம் போட்டால் இனம் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் போட்டு இனத்தையும் கேட்டுக்கொண்டேன். அதில் சரியான இடத்தை மறைத்துப் போடவும் வசதி இருக்கிறது.

கொடிக்கம்பத்தை ஏன் தேடி வருகிறது தெரியுமா? பெயின்ட் அடிக்காத பழைய மரம். குளவி உட்கார்ந்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே வாயால் சுரண்டும். சத்தமில்லாத நேரத்தில் அந்தச் சுரண்டல் காதில் விழும். அது போன வழியில் மரத்தில் வெளிறிய கோடு விழும். சுரண்டிய நாரை எச்சிலில் குழைத்து, உருட்டி எடுத்துக்கொண்டு பறந்துவிடும். கூட்டுக்கு அதுதான் காகிதம்.

இன்னொன்றும் பார்த்தேன். கூரை ஓரத்துக் காகிதக் குளவிக் கூட்டுக்கு ஒரு மஞ்சள் பட்டிப் பெரிய குளவி வந்தது. வீட்டுக்காரக் குளவிகள் சண்டையே போடவில்லை. ஒதுங்கி பக்கத்துக் கம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. அது நிதானமாக அறை அறையாகப் புழுவை இழுத்து மென்றது. அவை கொட்டாமல் ஒதுங்கியது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பிள்ளைக் காம்பராக் கூட்டைப் பற்றிச் சொன்னதும் பக்கத்து வீட்டு மாமா, "மண்ணெண்ண ஊத்தி ராவோட ராவா கொளுத்திரலாம்" என்றார். "வேணாம் மாமா, சீலிங் மரம், லயமே பத்திக்கும்" என்றேன். இரவில் குளவி தூங்கிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம். கலைத்துவிட்டால் டோர்ச் வெளிச்சத்தை நோக்கியே வரும். கல் எறிவது, புகை போடுவது எல்லாம் அதே கதைதான். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தோம், ஆள் வர நாள் கணக்கானது. அதுவரை பிள்ளைகள் போகிற வழியை மாற்றி, கயிறு கட்டிவிட்டோம். கூட்டுப் பக்கத்தில் புல் வெட்டும் மெஷினையும் நிறுத்தச் சொன்னோம், அந்த அதிர்வே போதும் கிளப்பிவிட.

எல்லாவற்றையும் அகற்றத் தேவையுமில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் மண் கூடு கட்டுகிற குளவி தனியாள். மயக்கிய சிலந்திகளைக் குஞ்சுக்கு அடைத்து வைத்துவிட்டுப் போய்விடும். பிடித்து நசுக்கினாலொழியக் கொட்டாது. அது கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று அப்பாயி சொல்வார். எங்கள் வீட்டில் வருடா வருடம் கட்டுகிறது, பிறந்தது என்னவோ பூனைக்குட்டிகள்தான்.

அன்றாடத்தில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். இஸ்தோப்பில் வைத்த சீனி போட்ட தேத்தண்ணியை மூடி வையுங்கள், கொடியில் காய்ந்த துணியை உதறிப் போடுங்கள். ஒன்றிரண்டு சுற்றி வந்தால் கையை வீசாமல் மெல்ல நகருங்கள். கூட்டமாக வந்தால் மெல்ல எல்லாம் இல்லை, கூடையைப் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டியிருக்கும் படங்கால் முகத்தை மூடிக்கொண்டு, கதவடைக்கக்கூடிய இடத்துக்கு ஓட வேண்டும். தண்ணீருக்குள் குதித்தால் தலை தூக்கும்வரை மேலே காத்திருக்கும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும், விஷப்பையோடு. நகத்தாலோ எதனாலோ உடனே எடுங்கள். குளவி கொடுக்கை விடாது, அதனால் ஒன்றே பல தரம் கொட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வைத்தால் ஒன்றிரண்டு கொட்டு அடங்கிவிடும். ஆனால் மூச்சு வாங்குவது, உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, தலைசுற்றுவது இதில் எது வந்தாலும் நிமிடக் கணக்குதான், உடனே வைத்தியசாலை. சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்கக் கூடாது. வாய்க்குள் கொட்டினாலும் அப்படியே. நிறையக் கொட்டு வாங்கியவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலையில் காட்ட வேண்டும். பிறகு சிறுநீர் பிளேன்டீ (பால் விடாத தேத்தண்ணி) நிறத்தில் போனால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

1990 என்ற நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சொல்லுங்கள். லயத்து ரோட்டில் இறங்க முடியாத வண்டிக்காக ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்க வையுங்கள், மற்றவர்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.